மேல்வீட்டு மாமியின் கப்

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டு இளசுகளும் கைப்பேசியை உங்கள் மூக்குக்கு நேரே பிடித்து, உலகத்தில் ஒருவரும் செய்யாததைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார்களா? என் தங்கையின் மகள் அப்படித்தான். போன கிழமை ஒரு வீடியோ காட்டினாள். அதில் ஒரு பெண் பூப்போட்ட பழைய தேநீர்க் கப்பைக் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் பசை தடவி, மேலே ஒரு தட்டை ஒட்டினாள். கேக் வைக்கிற ஸ்டாண்ட் ஒன்று தயார்.

"பெரியம்மா, இதுக்குப் பேர் அப்சைக்கிளிங். இப்ப எல்லாரும் செய்யினம்."

"நான் இதைப் பத்து வயசிலயே செய்திட்டன்" என்றேன்.

"சும்மா கதை விடாதேங்கோ."

கதை விடவில்லை. செய்தேன். செய்துவிட்டுச் சில நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். அதை அவளிடம் சொல்லத் தொடங்கினேன். நடுவில் அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது, எழுந்து போய்விட்டாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது இருந்து கேட்பீர்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. வீடு என்றால் கீழ்ப்பாதி. அப்பாவுக்குக் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் கிடைத்து நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மேல்பாதியில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த மாமாவுக்குப் புறக்கோட்டையில் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கிற கடை. மாமிக்கு ஒரே மகள், என் வயது, என் கூட்டாளி. ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ரயில் போகும்போது இரண்டு வீட்டு அலுமாரிகளிலும் உள்ள சாமான்கள் கலகலவென்று ஆடும். கீழே எவர்சில்வர்ச் சத்தம், மேலே பீங்கான் சத்தம். கண்ணை மூடிக்கொண்டே எது எந்த வீடு என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வீட்டில் பீங்கான் இல்லை என்றே சொல்லலாம். நாங்கள் சுத்த சைவம். சாப்பிடுவது எவர்சில்வர்த் தட்டில், குடிப்பது எவர்சில்வர்ப் பேணியில். அப்பா அம்மாவின் கலியாணத்துக்கு யாரோ கொடுத்த பீங்கான் செட் ஒன்றில் மிஞ்சியவை மட்டும் இருந்தன. ஒரு கப், ஒரு சோசர், ஒரு சின்னத் தட்டு. வெள்ளையில் நீலப் பூக்கள், விளிம்பில் தங்கக் கோடு. கப்பின் பிடி இரண்டு விரலுக்குத்தான் இடம் கொடுக்கும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் விரலின் நிழல் உள்ளே தெரியும். எங்கள் வீட்டிலேயே வடிவான சாமான் அதுதான், சந்தேகமில்லை.

அது மேல்வீட்டு மாமிக்கு.

நாலு மணிக்கு மாமி படி இறங்கி வருவா. முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு விறாந்தையில் பிரம்புக் கதிரையில் உட்காருவா. அம்மா அந்தக் கப்பில் தேத்தண்ணி, அந்தத் தட்டில் முறுக்கோ வடையோ கொண்டுபோய்க் கொடுப்பா. இரண்டு பேரும் ஆறு மணி மட்டும் கதைப்பார்கள். மாமி என் அம்மாவை 'அக்கா' என்பா. அம்மா மாமியைத் 'தங்கச்சி' என்பா. இத்தனை வருடத்தில் அம்மாவுக்குக் கொழும்பில் கிடைத்த ஒரே சிநேகிதி அவதான். அம்மாவுக்குச் சிங்களம் வராது, ஒழுங்கை தாண்டிப் பழக்கமும் இல்லை. நாலு மணி ஆவதற்கு அரை மணிக்கு முன்னமே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பா.

மாமி போன பிறகு அந்தக் கப்பும் தட்டும் குசினிக்குள் வராது. வெளிக் குழாயடியில் கழுவி, பின்விறாந்தைச் சுவர்ப் பலகையில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்படும். நான் ஒருநாள் அதில் பால் கேட்டேன்.

"அது மேல்வீட்டு மாமியின்ரை. நீ அதிலை குடிக்கக் கூடாது."

நான் என்ன விளங்கிக்கொண்டேன் தெரியுமா? மாமி எங்கள் வீட்டில் பெரிய ஆள், அதனால் வடிவான கப்பை அவவுக்கே கொடுத்துவிட்டார்கள், வேறு யாரும் தொட்டால் மரியாதை இல்லை. இன்னொரு நாள் சோசர் என் கை தவறி விழுந்து உடைந்தது. அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அம்மா சும்மா தும்புத்தடியை எடுத்துக் கூட்டினா. "பரவாயில்லை, அது அவையின்ரை சாமான்தானே" என்றா. எனக்கு அது இன்னும் உறுதியாயிற்று. சாமான் மாமியுடையது, இருக்கிற இடம் மட்டும் எங்கள் வீடு. சின்னப்பிள்ளைக்கு இதை விட வேறு விளக்கம் எங்கே கிடைக்கப்போகிறது? நீங்களும் உங்கள் வீட்டில் இப்படி ஒரு கப் கண்டிருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதேயுங்கள்.

மேல்வீட்டுக்கு நான் போவது அம்மாவுக்குத் தெரியும். அங்கே குடிப்பது தெரியாது. மாமி எனக்குப் பால் தேத்தண்ணி தருகிற கப்பின் பிடியில் சிவப்பு நூல் ஒன்று சுற்றிக் கட்டியிருக்கும். எத்தனையோ கப் இருக்க எனக்கு எப்போதும் அதுதான் வரும். பிடி சுடாமல் இருக்கக் கட்டியது என்று நினைத்துக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். அம்மா மேலே போனால் ஒன்றும் குடிக்க மாட்டா. "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனான் தங்கச்சி" என்பா. ஒவ்வொரு முறையும் இப்பத்தான் குடித்திருப்பா.

அந்த வருடம் கடைகளில் மெலமைன் தட்டு வந்து குவிந்தது. மஞ்சள், ஒரேஞ்சு, பச்சை. விழுந்தாலும் உடையாது என்று கடைக்காரர் ஆட்களுக்கு முன்னாலேயே தட்டைக் கீழே போட்டுக் காட்டுவார். அவ்வளவுதான், ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்காரருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அலுமாரியில் இருந்த பழைய பீங்கான்களில் ஒரு கீறல் இருந்தாலே போதும், கேட்டடியில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ரோசாப் பூப்போட்ட தட்டு, மயில் வரைந்த சீனிப் பாத்திரம், பிடி போன கப், மூடி தொலைந்த தேநீர்ப் பானை. இன்றைக்கு அவற்றை ஒரு பழம்பொருள் கடையில் வாங்கப் போனால் உங்கள் பென்சன் பத்தாது. எங்களுக்கு அவை சும்மா கிடைத்தன.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும்போது ரீச்சர், திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் உதவாத சாமானில் உதவுகிற சாமான் ஒன்று செய்துகொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தா. நானும் மாமியின் மகளும் ஒரு கோணிப் பையை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். மேல்மாடிக்குப் போகிற படிக்கட்டின் கீழே எங்கள் பட்டறை. ஈரச் சாக்கு மணமும் கடல் உப்பு மணமும் கலந்து நிற்கிற இடம்.

மாமா தன் கடையிலிருந்து ஒரு பசை கொண்டுவந்து தந்தார். இரண்டு டியூப். ஒன்றில் வெள்ளை, மற்றதில் தேன் நிறம். இரண்டையும் சம அளவு மட்டையில் பிதுக்கி நெருப்புக்குச்சியால் கலக்க வேண்டும். கருவாட்டு மணம் அடிக்கும். தனித்தனியாக இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. சேர்ந்தால் ஆனை இழுத்தாலும் வராது என்றார் மாமா. சண்டை வரக் கூடாது என்று ஒரு டியூப்பை அவளிடமும் மற்றதை என்னிடமும் தந்தார். ஒருத்தி இல்லாமல் மற்றவளால் ஒன்றும் செய்ய முடியாது.

என்னவெல்லாம் செய்தோம்! பிடி போன கப்புக்குள் பழைய சட்டைத் துணியை அடைத்து ஊசி குத்துகிற மெத்தை. மயில் பாத்திரத்தில் ஒரு கொடி நட்டு யன்னலில் வைத்தோம். ஐந்து சோசர்களைக் கம்பியால் கட்டி வாசலில் தொங்கவிட, கடற்காற்றுக்கு அவை ஒன்றோடொன்று முட்டி அருமையாகச் சத்தம் போட்டன. இரண்டாம் நாள் கச்சான் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. ஐந்தில் மூன்றுதான் மிச்சம். பெரிய தட்டு ஒன்றில் எண்கள் எழுதி மணிக்கூடு செய்தோம், முள்ளை நாலு மணியில் ஒட்டிவிட்டோம். எங்கள் இருவருக்கும் பிடித்த நேரம் அதுதான். இரண்டு அம்மாமாரும் கதையில் இருக்க, எங்களை யாரும் தேட மாட்டார்கள்.

அந்த விடுமுறைக்குள்ளேதான் நோன்பு மாதம் வந்தது. மாமி நாலு மணிக்கு வருவா, ஆனால் ஒன்றும் குடிக்க மாட்டா. கப்பும் தட்டும் பின்விறாந்தையில் சும்மா கிடந்தன. பின்னேரங்களில் மாமி நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவா. "இறச்சி போடாம தனியக் காய்ச்சின. அம்மாட்ட செல்லு" என்று மகளிடம் சொல்லி அனுப்புவா. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் ரம்பையும் மணக்கும். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கி, "கொம்மாட்டை நல்லாயிருக்காம் எண்டு சொல்லு" என்பா. பிள்ளை படியேறிய பிறகு பின்வளவுக்குக் கொண்டுபோய் வாழை மரத்தடியில் ஊற்றிவிடுவா. நான் குழாயடியில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு வாய் தந்திருக்கலாமே என்றுதான் அப்போது துக்கம்.

பெருநாள் நெருங்கியது. மாமிக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரோ எறிந்த சாமானில் செய்து மாமிக்குக் கொடுப்பதா? அது மரியாதையில்லை. மாமியின் சாமானிலேயே செய்ய வேண்டும். மாமியின் மகளிடம் கேட்டேன். அவளுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. "உம்மாட கப்தானே, உம்மாக்கே குடுப்பம்" என்றாள். இரண்டு டியூப்பும் கூடின. கப்பைக் கவிழ்த்து, அதன் அடி வளையத்தில் பசை தடவி, மேலே நீலப் பூத் தட்டை நடு பார்த்து வைத்து, ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றிப் பாரத்துக்கு வைத்தோம். அடுத்த நாள் தூக்கிப் பார்த்தால் கல்லாக ஒட்டியிருந்தது. ஒற்றைக் காலில் நிற்கிற தட்டு. தங்கக் கோடு மேலும் கீழுமாக மின்னியது. நான் செய்தவற்றிலேயே அதுதான் திறம். அம்மா கப்பைத் தேடவே இல்லை, நோன்பு முடியும் மட்டும் அதற்கு வேலை இல்லையே.

பெருநாளன்று அம்மா பின்வளவு வாழையில் பழுத்த இரண்டு சீப்பை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு மேலே வாழ்த்துச் சொல்லப் போனா. நான் பத்திரிகையில் சுற்றிய என் பரிசோடு பின்னால் போனேன். மேல்வீடு நிறைய ஆட்கள். மாளிகாவத்தையிலிருந்து மாமாவின் அக்கா தன் மருமகள்மாரோடு வந்திருந்தா. வட்டிலப்பமும் பிரியாணியும் அத்தரும் சேர்ந்த மணம். மாமி புதுச் சேலையில் வந்து என் கன்னத்தைப் பிடித்து, "எனத்த புள்ள கொண்டு வந்தீக்கி?" என்று கேட்டுப் பத்திரிகையைப் பிரித்தா.

எல்லோரும் வடிவு வடிவு என்றார்கள். நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"இது மாமியின்ரை சாமான்தான்" என்றேன்.

மாமாவின் அக்கா கேட்டா: "ஒங்கட வீட்டுல இவட சாமான் என்னத்துக்கு ஈக்கி?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சபை நிறைந்திருக்கிறது, என் அம்மா மாமிக்கு எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறா என்று சொல்ல இதை விட நல்ல இடம் எது? விளக்கமாகச் சொன்னேன்.

"மாமிக்கெண்டு புறிம்பா வைச்சிருக்கிறம். பின்விறாந்தையிலை. வேற ஒருத்தரும் அதிலை குடிக்கக் கூடாது. குசினிக்குள்ளையும் வராது. வெளிக் குழாயிலைதான் கழுவுறது."

ஒரு மருமகள் கரண்டியை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகம் அப்படிக் கறுத்து நான் கண்டதில்லை. ஏதோ பிழை நடந்துவிட்டது என்று விளங்கியது, என்ன பிழை என்று விளங்கவில்லை.

மாமி என் ஸ்டாண்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு நடு மேசையில் வைத்து, அதன் மேல் பேரீச்சம்பழங்களை எடுத்து அடுக்கினா.

"நல்ல வடிவா செஞ்சீக்கி" என்றா. என்னைப் பார்த்துச் சொன்னா, அம்மாவைப் பார்க்கவில்லை.

கீழே வந்த பிறகு அம்மா எனக்கு அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா. அதை விட இரண்டு அடி போட்டிருக்கலாம்.

அடுத்த நாள் நாலு மணிக்கு அம்மா பொட்டு வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தா. படியில் சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மேலே ஆட்கள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மாமியின் மகளும் வரவில்லை. படிக்கட்டின் கீழே எங்கள் சாமான்கள் தூசி படிந்து கிடந்தன. என்னிடம் வெள்ளை டியூப் இருந்தது. தேன் நிற டியூப் மேலே இருந்தது. வெள்ளையை மட்டும் பிதுக்கி உடைந்த சோசரில் தடவிப் பார்த்தேன். காயவே இல்லை.

"நீ போய் ஒரு வார்த்தை கதையன்" என்று அப்பா சொன்னார்.

"எந்த முகத்தோடை போறது?" என்றா அம்மா. பிறகு மெல்ல, "ஆறு வரிசமா அந்தப் பிள்ளை ஒரு குறையும் சொல்லாமல் வந்து குடிச்சிட்டுப் போச்சு" என்றா. அழுதா. அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல். எனக்கு ஒரு கூட்டாளி போனாள், அம்மாவுக்கு இந்த ஊரே போய்விட்டது. இரண்டுக்கும் காரணம் என் வாய். கடலுக்குள் போய் விழலாமா என்றுகூட யோசித்தேன். ரயில் பாதையைத் தனியே தாண்டக் கூடாது என்ற கட்டளை இருந்ததால் போகவில்லை.

நாலாம் நாள் நாலு மணி அடித்துக் கொஞ்சம் பிந்தி, படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

மாமி வந்தா. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு அதே பிரம்புக் கதிரையில் உட்கார்ந்தா. பின்னால் மகள். அவள் கையில் தேன் நிற டியூப்! எனக்கு மூச்சு வந்தது.

அம்மா குசினிக்குள் ஓடினா. நானும் பின்னால் ஓடினேன். தண்ணீர் கொதித்தது. தேயிலை போட்டாயிற்று. அம்மாவின் கை பழக்கத்தில் பின்விறாந்தைச் சுவர்ப் பலகைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. அம்மா வெறும் பலகையைப் பார்த்தா. பிறகு குசினிக்குள் வந்து தன் சொந்தப் பேணியை எடுத்தா. தன் பெயர் வெட்டிய, அப்பாகூடக் குடிக்காத எவர்சில்வர்ப் பேணி. அதில் ஊற்றிக் கொண்டுபோய் மாமியின் கையில் கொடுத்தா.

"அல்லாவே, சுடுது!" மாமி முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டா. "அக்கா, நீங்க எப்பிடி இதுல குடிக்கிய? கையெல்லாம் வெந்து போவுமே."

அம்மா சிரிக்கவில்லை. "தங்கச்சி, பிழை என்ரை. பிள்ளை சொன்னது…"

"புள்ள பொய் செல்லல்லியே." மாமி ஊதி ஊதிக் குடித்தா. "புறிம்பான கப் எண்டு எனக்கி மொத நாளே வெளங்கிட்டு. அது எனக்கிக் கவலயில்ல. ஒங்கட வழக்கம் அப்பிடி, எங்கட வழக்கம் இப்பிடி. வெளிக் கொழாயில கழுவுறதுதான் எனக்கித் தெரியாது. அதக் கேட்டதும் மனசு ஒரு மாதிரியாப் போச்சி. மூணு நாளு மேலயே இருந்த. இனி எறங்கவே கூடாது எண்டுதான் நெனச்ச."

"பிறகு ஏன் வந்தனி?" என்று கேட்டா அம்மா.

"நாலு மணிக்கி நான் வேற எங்க போற?"

மாமி பேணியை முடித்துக் கீழே வைத்துவிட்டு எழுந்தா. "மேல வாங்கொ. ஒரு சாமான் காட்டணும்."

மேல்வீட்டுக் குசினியில், மீனும் இறைச்சியும் சமைக்கிற அடுப்புக்கு எட்ட, யன்னல் பக்கம் ஒரு சின்ன அலுமாரி. மாமி அதைத் திறந்தா. ஒரு கேத்தல், ஒரு சின்னப் பானை, ஒரு கரண்டி, இரண்டு கப். எல்லாவற்றின் பிடியிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"நீங்க குடி வந்த கெழமயே வாங்கின. இதுல இறச்சி பட்டதே இல்ல. கழுவுறதும் தனியச் சட்டியில. நீங்க வந்தா மனசு கூசாமக் குடிக்கணும் எண்டுதான். நீங்க ஆறு வருஷமா இப்பத்தான் குடிச்சிட்டு வாறீங்க."

"நான் குடிச்சிருக்கிறன்!" என்று கத்திவிட்டேன். "எனக்கு எப்பவும் நூல் கட்டின கப்பிலைதான் மாமி தாறவ!"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. மாமி வாயைப் பொத்திக்கொண்டா. இன்னொரு இரகசியமும் என் வாயால் போயிற்று.

"கஞ்சியும் இதிலைதானோ காய்ச்சினது?" அம்மா பானையைத் தொட்டுப் பார்த்தா.

"ஓ. இதுலதான்."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டா. "தங்கச்சி, நான் அதைக் குடிக்கேல்லை. ஒரு நாளும் குடிக்கேல்லை. எல்லாத்தையும் வாழைக்கு ஊத்தினனான்."

சொல்லிவிட்டு நிமிரவில்லை. மாமிதான் கேட்டா:

"எந்த வாழ?"

"பின்வளவு வாழை."

"பெருநாளைக்கி ரெண்டு சீப்புக் கொண்டு வந்தீங்களே, அந்த வாழயா?"

"ஓம்."

"அப்ப எங்கட கஞ்சியத்தான் நாங்க பழமாத் திண்டீக்கி!" என்று மாமி சிரிக்கத் தொடங்கினா. அப்படியொரு சிரிப்பு. அம்மாவும் சிரித்தா, அழுதுகொண்டே சிரித்தா, மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. மாளிகாவத்தைக்காரர்தான் அந்தப் பழத்தில் பாதியைச் சாப்பிட்டது என்று மாமி சொல்ல, இன்னொரு முறை தொடங்கியது. ரயில் ஒன்று போனது. அலுமாரி ஆடியது. ஒருவரும் கவனிக்கவில்லை.

மாமி சிவப்பு நூல் கேத்தலில் தண்ணீர் வைத்தா. அம்மா அந்தக் கப்பை இரண்டு கையாலும் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தா. நானும் மாமியின் மகளும் படிக்கட்டின் கீழே ஓடி இரண்டு டியூப்பையும் பிதுக்கினோம். என்ன ஒட்டினோம் என்று நினைவில்லை. ஒட்டியது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

விடுமுறை முடிந்து எங்கள் நாலு மணி மணிக்கூட்டைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனோம். ஓடாத மணிக்கூடு எதற்கு உதவும் என்று கேட்டா ரீச்சர். பரிசு, மட்டையில் குருவிக்கூடு செய்தவளுக்குப் போயிற்று.

அதற்குப் பின் சில வருடத்தில், கொழும்பில் தமிழர் வீடுகளைக் கூட்டம் கூட்டமாக வந்து சூறையாடிய கெட்ட காலத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கீழ்வீட்டில் எங்களுக்கென்று இருந்ததெல்லாம் ஒரே பகலில் போயிற்று. அம்மாவின் பெயர் வெட்டிய பேணியும் போயிற்று. நாங்கள் அன்று மேல்வீட்டில், அந்த யன்னல் பக்கத்து அலுமாரிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தோம். எங்கள் சாமான்களில் மிஞ்சியது மேலே போயிருந்த ஒன்று மட்டும்தான். பெருநாளுக்குப் பெருநாள் அதன் மேல் பேரீச்சம்பழம் இருக்கும்.

இப்போது அம்மாவும் இல்லை, மாமியும் இல்லை. மாமியின் மகள் மாளிகாவத்தையில் தன் மகனோடு இருக்கிறாள். எங்கள் இருவருக்கும் முழங்கால் வலி, அதனால் போனில்தான் கதை. முந்தாநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை.

"ஒண்ணும் செய்யல்ல. தூசி தட்ட எடுத்த, கையோட வந்துட்டு" என்றாள்.

பைக்குள் நீலப் பூத் தட்டு தனியாக, கப் தனியாக. ஆனை இழுத்தாலும் வராது என்ற பசை மஞ்சளாகிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உடைந்துதான் போயிற்றோ என்று நான் பதறிக் கப்பை விரலால் தடவினேன். ஒரு கீறல் இல்லை.

தங்கையின் மகளுக்கு ஒரே சந்தோசம். "பெரியம்மா, அப்ப கதை விடேல்லை! தாங்கோ, என்னட்டைப் புதுப் பசை இருக்கு. அஞ்சு நிமிசத்திலை ஒட்டித் தாறன்."

"வேண்டாம்" என்றேன்.

கப்பைக் குசினிக்குள் கொண்டுபோனேன். பழைய பசையைச் சுரண்டி, என் பேணிகளைக் கழுவுகிற அதே தொட்டியில் வைத்துக் கழுவினேன். தேயிலை போட்டேன். தட்டில் நாலு பிஸ்கட் வைத்தேன். கூட்டாளிக்கு என் எவர்சில்வர்ப் பேணியில் ஊற்றினேன். அவள் தன் உம்மாவைப் போலவே முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "சுடுது" என்றாள்.

பிறகு அந்தக் கப்பில் எனக்கு ஊற்றினேன். அதன் பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் அதில் குடித்தது அதுதான் முதல் தரம்.